எருமையின் உள்சட்டம்

பிப்ரவரி 3

அன்புள்ள சகலைக்கு,

'அன்புள்ள பல் டாக்டருக்கு' என்றுதான் ஆரம்பித்தேன். 'டாக்டர் இல்லை, பல்செட் செய்கிறவன்' என்று நீ ஒரு பக்கத்துக்குத் திருத்தம் எழுதுவாய் என்று பயந்து அடித்துவிட்டேன்.

வீட்டு விலாசத்தை விட்டு உன் லேப் விலாசத்துக்கு அனுப்புகிறேனே என்று யோசிக்காதே. அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தியதிலிருந்து இங்கே போனில் உன் பெயரைப் பார்த்தாலே பெரியவள் கையில் இருக்கும் பாத்திரத்தைச் சத்தமாக வைக்கிறாள். போனை எடுத்துக்கொண்டு நான் மொட்டைமாடிக்குப் போனால், பின்னாலேயே காய்ந்த துணியைக் காயப்போட வருகிறாள். பெட்டிக்குள் வைத்த கடிதத்தை யாரும் ஒட்டுக்கேட்க முடியாது.

பெட்டியில் இருப்பது நம் எருமை, ரிமோட்டில் ஓடுகிற டாங்க். பொம்மை என்று யாராவது சொன்னால் நம் மாமனாருக்கு இன்னமும் மூக்கு சிவக்கிறது. போன வருஷ இழுவைப் போட்டியில் என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். பிளாஸ்டிக் கியரை எடுத்துவிட்டு இரும்பு கியர்பாக்ஸ் போட்டோம், சங்கிலிப் பட்டையையும் இரும்பில் மாற்றினோம். அத்தனை இழுவையையும் தாங்க வேண்டிய அடிக்கூட்டை மட்டும் அப்படியே விட்டோம். சரிவில் பாதி ஏறியதும் கியர்பாக்ஸ் தரையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. மோட்டார் ஓடுகிறது, வண்டி நிற்கிறது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாமா முழித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டிய மனிதர்.

அன்றைக்கே வேனில் திரும்பும்போது மற்றதும் நடந்தது. மாமாவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஓரளவு நடக்க ஆரம்பித்திருந்தார், மூன்று மாதம் உங்களோடு இருக்கட்டும் என்று பெரியவள் கேட்டதில் தப்பில்லை. "இப்ப முடியாது, லிஃப்ட் ரிப்பேர்" என்றாள் உன் வீட்டுக்காரி. "அப்பா என்ன அலமாரியா, மாடிக்கு ஏத்த யோசிக்கறதுக்கு?" என்றாள் இவள். அதற்கு அவள் சொன்னாளே, "நீ அப்பாவ வெச்சுப் பார்க்கறதே நாலு பேருக்குக் காட்டறதுக்குத்தானே" என்று. அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நீயும் நானும் முன்சீட்டில் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தோம். நாமாவது வாயைத் திறந்திருக்கலாம்.

போகட்டும். ஏப்ரலில் போட்டி உங்கள் ஊரில்தான். விதி மாறவில்லை. பிளாஸ்டிக் கூடு பிரிவில் கூடு கம்பெனியில் வந்தபடியே இருக்க வேண்டும், வெட்டக் கூடாது. உள்ளே எதை வைத்துப் பலப்படுத்தினாலும் கேள்வி இல்லை. நான் தரை முழுவதற்கும் அலுமினியத் தகடு வெட்டிப் போட்டு, வரிசையாக போல்ட் அடித்து இறுக்கிவிட்டேன். இனி நீயும் நானும் மேலே ஏறி நின்றாலும் அசையாது. நீ ரிமோட் பெட்டியையும் வயரையும் மாட்டி ஓட்டிப் பார்த்தால் போதும்.

உன் சகலை

*

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. லேப்பில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பல்செட்டுகளுக்கு நடுவில் ஒரு டாங்க் உட்கார்ந்திருப்பதை அவர்கள் இதுவரை பார்த்ததில்லை.

நீங்கள் கோபப்படாமல் படிக்க வேண்டும். மேலே ஏறி நிற்பதற்கு முன்பே அது உடைந்திருக்கிறது. ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் முடி அளவில் விரிசல். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தெரியும். இரும்பை இறுக்குகிற கையோடு பிளாஸ்டிக்கை இறுக்கிவிட்டீர்கள். அது அந்த நேரம் சத்தம் போடாமல் பொறுத்துக்கொள்ளும், பிறகு இரண்டு நாளில் தானாகவே வெடிக்கும். இன்னொன்று, தகட்டின் கனத்தால் கியர்பாக்ஸ் மேலே தூக்கிக்கொண்டது. மேல்மூடி உட்காரவில்லை. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் சங்கிலிப் பட்டை இரண்டு சுற்றில் கழன்று விழுகிறது.

தகட்டைக் கழற்றிவிட்டேன். இனி என் முறையில் செய்கிறேன். பிளாஸ்டிக்கோடுதான் எனக்குச் சோறு. தாடை அசைகிற அசைவுக்கு ஒரு பல்செட் வருஷக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறதென்றால், இந்தத் தரை ஒரு சரிவுப் பலகையைத் தாங்காதா? கண்ணாடி இழைத் துணியை உள்ளே ஒட்டி, எங்கள் லேப் திரவத்தால் கூட்டோடு கூடாகச் சேர்த்துவிடுவேன்.

வேன் விஷயம். என் மனைவி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். அவளிடமும் சொன்னேன். ஆனால் லிஃப்ட் ரிப்பேர் என்று அவள் சொன்னது சாக்கு இல்லை. நாங்கள் குடி வந்த மழைக்காலத்தில் லிஃப்ட் பள்ளத்தில் தண்ணீர் ஏறியது, லிஃப்ட் இன்றுவரை நகரவில்லை. நாலு மாடியும் நடைதான். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது பேசுவதில்லை, மூச்சு மட்டும் விடுகிறார். இதில் மாமாவை எப்படி ஏற்றுவது? அண்ணி அதைக் கேட்கவே தயாராக இல்லை. "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று பேச்சை முடித்துவிட்டார்கள்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கள் தம்பி

*

பிப்ரவரி 19

சகலைக்கு,

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். போல்ட் விஷயத்தைச் சொல்லவில்லை. அது சரி, நான் இறுக்கியது அதிகம்தான். பொழுதெல்லாம் இரும்போடு இருக்கிற கை, அதற்கு வேறு பாஷை தெரியாது.

நான் செய்கிற வேலை என்ன? ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற வேலை. வேனில் கேட்டபோது ஏதோ இரண்டு நாள் ரிப்பேர் என்றுதான் நினைத்தேன். என் சகலை வீட்டு லிஃப்ட் வருஷம் தாண்டிச் செத்துக் கிடக்கிறது, அதை ஒரு போல்ட் விரிசலுக்குக் கீழே, இரண்டாவது பக்கத்தில் தெரிந்துகொள்கிறேன். பக்கத்து வீட்டில் பல்செட் வாங்கி மாட்டிக்கொண்டு நான் உன் முன்னால் வந்து சிரித்தால் உனக்கு எப்படி இருக்கும்?

யார் வந்து பார்த்தார்கள், என்ன சொன்னார்கள், எந்தக் கம்பெனி லிஃப்ட், எல்லாம் எழுது. கண்ட்ரோல் பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் உள்ள எழுத்தையெல்லாம் அப்படியே பார்த்து எழுது.

மாமாவுக்குக் கூடு உன்னிடம் இருப்பது தெரியும். தினமும் "பல்லுக்காரர் என்ன சொல்றார்?" என்று கேட்கிறார். பெரியவள் காதில் விழாதபடி கேட்பதாக அவருக்கு நினைப்பு. காது மந்தமானவர் ரகசியம் பேசினால் தெருமுனை வரை கேட்கும்.

உன் முறையில் செய். ஆனால் லேப் திரவம் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய், எனக்கு அது சரியாகப் படவில்லை.

உன் சகலை

*

மார்ச் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்குச் சரியாகப் படாதது சரிதான்.

பல்செட் பிளாஸ்டிக் வேறு, இந்தக் கூட்டின் பிளாஸ்டிக் வேறு. இது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்ததை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டு வேலை செய்தேன். திரவம் பட்ட இடமெல்லாம் முதலில் பளபளவென்று அழகாக இருந்தது. மறுநாள் காலையில் தரை முழுக்கச் சிலந்தி வலை. விரலால் அழுத்தினால் நொய்ந்த அப்பளம் போல் நெளிகிறது. துணி ஒரு பக்கம் உரிந்து வந்துவிட்டது. உங்கள் போல்ட் விரிசலாவது எண்ணக்கூடிய அளவில் இருந்தது.

நொய்ந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம், ஆனால் வெட்டக் கூடாது என்பது விதி. புதுக் கூடு கிடைக்குமா என்று கேட்டேன், அந்த மாடலை நிறுத்திவிட்டார்களாம். இந்த வருஷம் விட்டுவிடலாமா என்று நினைக்கிறேன். மாமாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

லிஃப்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தனித்தாளில் பேனல் எழுத்தையெல்லாம் எழுதியிருக்கிறேன். செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வந்து பார்த்த ஒரே ஆள், மொத்தத்தையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னார். கீழ் வீட்டுக்காரர்கள் 'செலவுக்கு நாங்கள் எதற்குச் சம்மதிக்க வேண்டும்' என்கிறார்கள், மேல் வீட்டுக்காரர்கள் சண்டை போடுகிறார்கள், சங்கச் செயலாளர் இரண்டு பேரையும் பார்த்தால் படியில் வேகமாக இறங்கிவிடுகிறார்.

உங்களிடம் ஏன் கேட்கவில்லை என்று என் மனைவியிடம் கேட்டேன். "அத்தான்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே வந்திருப்பார். அப்புறம் என் வீட்டுக்கு நான் என்ன செஞ்சேன்னு அக்கா கேப்பா. அவ எல்லாத்தையும் தானே செஞ்சுட்டு, நான் எதுவும் செய்யலன்னு சொல்றவ" என்றாள். சொல்லிவிட்டு, "இத எழுதிடாதீங்க" என்றாள். எழுதிவிட்டேன். நீங்கள் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

தம்பி

*

மார்ச் 8

அன்புள்ள சகலைக்கு,

கிழித்துவிட்டேன். ஆனால் அதற்கு முன் இரண்டு தடவை படித்தேன், முதல் தடவை சிரித்தேன். எருமை இரண்டு வைத்தியரிடமும் போய் மூன்று மடங்கு நோயோடு திரும்பியிருக்கிறது.

விடுவதாவது. இன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டில் வேலை. கூண்டின் மேல் நின்றுகொண்டு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது மண்டையில் உறைத்தது. லிஃப்டில் ஏறுகிற எல்லோரும் தங்களைத் தாங்குவது அந்தக் கூண்டுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வெறும் டப்பா. கையால் தட்டினால் நெளியும். அதைச் சுற்றி மேலிருந்து கீழ்வரை ஒரு இரும்புச் சட்டம் ஓடுகிறது. கயிறு பிடித்து இழுப்பது சட்டத்தை. கூண்டு அந்தச் சட்டத்தில் சும்மா உட்கார்ந்து வருகிறது.

நாம் இரண்டு பேரும் டப்பாவுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தோம். பிளாஸ்டிக்கைப் பலமாக்க வேண்டாம். அது எதையும் தாங்கவே வேண்டாம். உள்ளே இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டி நீளவாக்கில் இரண்டு அலுமினிய ஆங்கிள், 'ட' மாதிரி மடங்கிய பட்டை. அவற்றை இணைத்துக் குறுக்கே மூன்று பட்டை. கியர்பாக்ஸ் குறுக்குப் பட்டையில் உட்காரட்டும். சக்கரக் கைகளின் அச்சு பிளாஸ்டிக் சுவரைத் தாண்டி உள்ளே வந்து ஆங்கிளில் மாட்டட்டும். மோட்டாரின் இழுப்பு சட்டம் வழியாகச் சக்கரத்துக்குப் போகும். கூடு சட்டை மாதிரி மேலே கிடக்கும். சட்டை கிழிந்திருந்தால் என்ன, ஒட்டுப்போட்டுக்கொள்.

ஆங்கிள் எல்லாம் வெட்டி, ஓட்டை போட்டு, இந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன். முக்கியமான விஷயம், பிளாஸ்டிக்கில் போடுகிற ஓட்டை போல்ட்டை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அகலமான வாஷர் போடு, கையால் முடுக்குகிற அளவோடு நிறுத்து. இதைச் சொல்கிறவன் நான் என்று சிரிக்காதே. விரிசலுக்கும் நொய்ந்த தரைக்கும் என்ன செய்வது என்பதை நீ பார். அது உன் ராஜ்யம்.

இன்னொரு செய்தி. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது பெரியவள் வந்து நின்றாள். நான் மேலே ஒரு துண்டைப் போட்டேன்.

"மூடாதீங்க. முத பெட்டி போனப்பவே தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அப்பா எனக்குத் தெரியாம கேக்கறாரே, அதுலதான்."

ஆங்கிளை எடுத்துத் தன் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தாள். இவ்வளவு லேசாக இருக்கிறதே, தாங்குமா என்றாள். தாங்கும் என்றேன். ஆங்கிளைத் திரும்பப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "அந்த லிஃப்ட் நிஜமாவே ஓடலையா?" என்றாள். நீ எழுதியதைச் சொன்னேன். எதைச் சொல்லக் கூடாதோ அதை விட்டுவிட்டுச் சொன்னேன். "நாலு மாடியும் நடந்தா ஏர்றா? முட்டி வலிக்குதுன்னு போன வருஷமே சொன்னாளே" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குச் சமையலில் உப்பே இல்லை. நானும் மாமாவும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தோம்.

உன் லிஃப்ட் பேனல் எனக்குப் பழைய தோஸ்த். தொழில் கற்றுக்கொண்டதே அந்த மாடலில்தான். பிடுங்கிப் போட வேண்டியதில்லை. பள்ளத்து வயரும் சில ரிலேக்களும் மாற்றினால் ஓடும். உன் செயலாளரைப் படியில் மடக்கிப் பிடித்து, லைசென்ஸ் உள்ள மெக்கானிக் ஒருவன் வருகிறான் என்று எழுத்தில் அனுமதி வாங்கி வை. சின்னவளிடம் கேட்டுக்கொண்டு செய். வேண்டாம் என்று சொன்னால் வரமாட்டேன். அவள் வீடு.

உன் சகலை

*

மார்ச் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

எருமை ஓடுகிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கூட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்குப் போனபின், உப்புத்தாளால் உள்பக்கம் முழுவதையும் சொரசொரப்பாக்கினேன். ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் ஊசி அளவில் ஒரு ஓட்டை. அதற்கு மேல் விரிசல் ஓடாது. நொய்ந்த தரைக்கு மெல்லிய இழைத்துணி இரண்டு அடுக்கு, இரண்டாவதைக் குறுக்காக வைத்து, மெதுவாக இறுகும் எபாக்சி பசையால் ஒட்டினேன். பசை இறுகும்போது சுவர்கள் உள்பக்கம் சாயும் என்பதால், உள்ளகலத்துக்குச் சரியாக ஒரு மரக்கட்டை வெட்டி நடுவில் நிறுத்திவைத்தேன். லேப் திரவத்தை அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் இதையெல்லாம் ஆரம்பித்தேன்.

உங்கள் சட்டம் கையுறை மாதிரி உட்கார்ந்தது. அச்சு வருகிற ஓட்டைகளில் மட்டும் பித்தளைக் குழாயைத் துண்டு போட்டு உறையாக வைத்தேன், அலுமினியம் தேயாமல் இருக்க. மேல்மூடி ஓரிடத்தில் தட்டியது. எங்கே என்று கண்ணால் பிடிபடவில்லை. பல்செட் வாயில் எங்கே அழுத்துகிறது என்று பார்க்க ஒரு நீலத்தாள் வைத்திருப்போம், அதை இடையில் வைத்து மூடியை அழுத்தினேன். பின்பக்கக் குறுக்குப் பட்டையின் மூலையில் ஒரு நீலப் புள்ளி. அங்கே அரத்தால் இரண்டு இழு இழுத்ததும் மூடி 'டப்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் சோதனை ஓட்டம். என் மேஜை நாற்காலியில் சக்கரம் உண்டு, அதில் புத்தகங்களை அடுக்கி, கயிறு கட்டி இழுக்கவிட்டேன். இழுத்தது. அவள் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தாள், புத்தகங்களை எடுத்துக் கீழே வைத்தாள், தானே ஏறி உட்கார்ந்தாள்.

"ம், ஓட்டுங்க."

"வேண்டாம், நீ கனம்."

"உங்க அண்ணன் சட்டம் தாங்கும்னுதானே எழுதினார்?"

எருமை ஒரு தடவை மூக்கைத் தூக்கியது, பிறகு அசைந்தது. ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை அவளை இழுத்துக்கொண்டு போனது. அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது அண்ணா. சுவரில் போய் முட்டி நின்றதும் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள், "அக்காவுக்கு இதெல்லாம் தெரியுமா?" தெரியும் என்றேன். "லிஃப்ட் பத்தியும்?" அதுவும் தெரியும் என்றேன். நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். பிறகு, "செயலாளர்கிட்ட நானே பேசறேன். நீங்க பேசினா அவர் படியில இறங்கிடுவார்" என்றாள்.

பேசிவிட்டாள். மற்ற மூன்று மாடிக் கதவுகளையும் தட்டி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அவரிடம் போனாள். அனுமதிக் கடிதம் இத்துடன் இருக்கிறது. அத்தானை வரச் சொல்லுங்கள் என்று அவளே சொன்னாள்.

தம்பி

*

மார்ச் 28

அன்புள்ள சகலைக்கு,

லீவு கிடைத்துவிட்டது. போட்டிக்கு முந்தைய வாரம் முழுவதும் உன் லிஃப்ட் பள்ளத்தில்தான் எனக்குக் குடித்தனம். சோறு மட்டும் மேலிருந்து கயிற்றில் கட்டி இறக்குங்கள். பரிசோதகர் வந்து பார்த்து ஒப்புதல் கொடுக்காமல் ஒருவரையும் ஏற்ற மாட்டேன், அதனால் நாள் கேட்டிருக்கிறேன். அவருக்கு ஒழிந்த ஒரே நாள் போட்டி நடக்கிற ஞாயிற்றுக்கிழமைதான். ஆகவே நான் போட்டி ஹாலுக்கு வர முடியாது. எருமை ஓடுவதைப் பார்க்க மாட்டேன். இதைப் பற்றி நான் அழவில்லை, ஆனால் நீ ஒரு வரி விடாமல் எழுதி அனுப்ப வேண்டும். அன்று மாலையே நான் ரயில் ஏறியாக வேண்டும்.

மாமா வருகிறார். அதில் பேச்சே இல்லை. "வண்டிய நான்தான் உடைச்சேன், நான்தான் ஏத்துவேன்" என்கிறார். டாக்டரும் சரி என்றுவிட்டார். பெரியவள் வருவாளா என்றுதான் தெரியவில்லை. "அப்பாவை நீங்க ரயில்ல ஏத்திவிடுங்க, அங்க உங்க சகலை இறக்கிக்கட்டும்" என்றாள் முதலில். நான் முன்னாலேயே போய்விடுவேன், பிறகு யார் ஏற்றுவது என்றேன். "அப்ப ஸ்டேஷன் வரைக்கும் வரேன்" என்றாள். ஸ்டேஷன் வரைக்கும் வருவதற்கு ஒருத்தி எதற்காக இரண்டு பையில் துணி அடுக்குகிறாள் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

உன் சகலை

*

ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு வரி விடாமல் எழுதச் சொன்னீர்கள்.

மாமாவும் அண்ணியும் ஸ்டேஷனிலிருந்து நேராக ஹாலுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஹால், நடுவில் பாதை போட்டிருந்தார்கள். முதலில் ஜல்லி நிரப்பிய தொட்டி, பிறகு மேலேறும் பலகை, உச்சியில் ஒரு திருப்பம். பின்னால் இரும்புக் கட்டிகள் அடுக்கிய சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டே அத்தனையையும் தாண்ட வேண்டும். என் மனைவி மாமாவின் காலைத் தொட்டுவிட்டு வலதுபக்கம் போய் நின்றாள். அண்ணி இடதுபக்கம். நடுவில் மாமா நாற்காலியில், மடியில் ரிமோட். இரண்டு பேரும் என்னிடம் பேசினார்கள், மாமாவிடம் பேசினார்கள், நடுவரிடம்கூடப் பேசினார்கள்.

எங்கள் முறை வந்ததும் மாமா ரிமோட்டைத் தூக்கினார், பிறகு கீழே வைத்துவிட்டார்.

"உக்காந்தா மேல்முனை தெரியல. நிக்கணும். புடிங்க."

நான் முன்னால் போனேன். "நீ வண்டியைப் பாரு" என்றார். வண்டியில் பார்க்க ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் இரண்டு பெண்களும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள்.

மணி அடித்தது. எருமை ஜல்லியில் இறங்கியது. போன வருஷம் இந்த இடத்திலேயே தரை 'டிக் டிக்' என்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்த வருஷம் சத்தமே இல்லை, மோட்டார் உறுமல் மட்டும். ஜல்லியைத் தாண்டிப் பலகையில் மூக்கை வைத்தது. மற்றவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் வேகம் கொடுத்துத்தான் ஏற்றினார்கள். மாமா நத்தை மாதிரி விட்டார்.

"வேகமா விடுங்கப்பா, நேரம் போகுது" என்றார்கள் அண்ணி.

"கிரேன்ல அவசரப்பட்டவன் எவனும் என்கூட ரிட்டயர் ஆகல" என்றார்.

பலகையின் நடுவில் நிறுத்தியே விட்டார். ஹாலில் எல்லோரும் நம் கூடு மறுபடியும் போய்விட்டது என்று நினைத்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன்.

"ஏன்ப்பா நிறுத்திட்டீங்க?" என்றாள் இவள்.

"மோட்டார் சூடாகுது. ஆறட்டும்."

அவர் கனம் முழுக்க இவர்கள் கையில். இவள் பிடி நழுவுவதை நான் பார்த்தேன். அண்ணியும் பார்த்திருக்க வேண்டும்.

"கைய மாத்து. தோள்ல குடுக்காத, இடுப்புக்குக் கீழ குடு" என்றார்கள் அண்ணி.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி."

"நீ அந்தப் பக்கம் நல்லா புடி மொதல்ல. சாயறாரு."

"அவர் என் பக்கம் சாயல, உன் பக்கம் சாயறாரு."

மாமா யார் பக்கமும் சாயவில்லை அண்ணா. நேராக நின்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டைவிரலை லேசாக நகர்த்தினார். அத்தனை பாரத்தோடும் பாதிச் சரிவில் நின்ற வண்டி, ஒரு அங்குலம்கூடப் பின்வாங்காமல் கிளம்பியது. உச்சிக்கு ஏறி, திருப்பத்தில் திரும்பி, கோட்டைத் தாண்டியதும் முடிவு மணி அடித்தது. அதற்கு மேல் ஒரு மூச்சு தாமதித்திருந்தால் தோல்வி.

மூன்றாம் இடம். நேரத்தில் போய்விட்டது. ஆனால் விதிப்படி கூடு ஒரிஜினல்தானா என்று பார்க்க மூடியைத் திறந்த நடுவர், திறந்தபடியே நின்றுவிட்டார். சட்டத்தைப் பார்த்தார், இழைத்துணியைத் தடவிப் பார்த்தார், முதலிடம் வாங்கியவரையும் கூப்பிட்டுக் காட்டினார். "இது யார் வேலை?" என்று கேட்டார்கள். ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் ஒரு பல்செட்காரனும் என்றேன். நம்பவில்லை. பாதியில் நின்று கிளம்பியதைத்தான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பாரத்தோடு அங்கே நிறுத்த இன்னொருவருக்குத் தைரியம் வராது என்றார் முதலிடக்காரர். நான் உடனே மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். அது சூடாகவே இல்லை.

மாலையில் பரிசோதகர் போனதும் நீங்கள் கருவிப்பையோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டீர்கள். லிஃப்டில் மாமாவும் இரண்டு பெண்களும் ஏறினார்கள். "நீ நடந்து வா, உனக்கு வயசிருக்கு" என்றார் மாமா. நான் மூச்சு வாங்க நாலாவது மாடிக்கு வந்தால், மூன்று பேரும் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். சாவி என் பையில். அதற்குள் எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று இரண்டு பேருக்கும் சண்டை ஆரம்பித்துவிட்டது.

மாத்திரை நேரத்தைப் பழக்கிவிட்டுக் கிளம்புகிறேன் என்று அண்ணி சொன்னது அன்றைக்கு. இன்னும் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது இவள், "அக்கா, அன்னைக்கு வேன்ல நான் சொன்னது" என்று ஆரம்பித்தாள்.

"நானும்தான் சொன்னேன்" என்றார்கள் அண்ணி. "நீ நாலு மாடி ஏறி இறங்கறது தெரியாம அலமாரி கிலமாரின்னு பேசினேன். சாப்பிடு, ஆறுது."

அவ்வளவுதான். மாமா அந்த நேரம் பார்த்து ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கரண்டியை எடுத்தார்கள்.

மாமா மூன்று மாதம் இங்கேதான். அவரே சொல்லிவிட்டார். தினமும் காலையில் தனியாக லிஃப்டில் இறங்கி, வாசலில் கொஞ்சம் நடந்துவிட்டு, தனியாக ஏறி வருகிறார். படியில் இறங்குகிற செயலாளரை உள்ளிருந்தபடி கையசைத்துக் கூப்பிடுகிறாராம்.

தங்கள் தம்பி

*

ஏப்ரல் 22

அன்புள்ள சகலைக்கு,

உன் கடிதத்தை வேலைக்கு நடுவில், ஒரு கூண்டின் மேல் உட்கார்ந்து படித்தேன். கீழே ஒருவர் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார். பொறுங்கள், எங்கள் வண்டி பாதிச் சரிவில் நிற்கிறது என்று சொல்ல நினைத்தேன்.

மூன்றாம் இடம் போதும். அடுத்த வருஷத்துக்குக் குறுக்குப் பட்டையில் இன்னும் கனம் குறைக்கலாம், எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. மாமா கொஞ்சம் சீக்கிரம் ஓட்டினால் முதலிடம் நமக்குத்தான். ஆனால் அவரிடம் அதைச் சொல்லாதே. அவர் எதை எப்போது நிறுத்துகிறார் என்பது நம் தொழில் இல்லை.

இங்கே வீடு ரொம்ப அமைதி. முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. டிவி என் இஷ்டம், சாப்பாடு என் இஷ்டம். மூன்றாம் நாள் என் இஷ்டத்துக்கு நானே சமைத்ததைச் சாப்பிட்டேன். நேற்று ஒரு பாத்திரத்தைச் சத்தமாக வைத்துப் பார்த்தேன், என்ன என்று கேட்க ஆள் இல்லை.

புது வயர் போட்ட லிஃப்டை ஒரு மாதத்துக்குள் மெக்கானிக் ஒரு தடவை வந்து பார்த்தாக வேண்டும், அது ஒழுங்கு. அதனால் சனிக்கிழமை வருகிறேன். லிஃப்டைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று பெரியவளிடம் சொல். நம்ப மாட்டாள். பரவாயில்லை, சொல்லிவை.

உன் சகலை